ஏழாம் எண் பெட்டி

கழுத்துவலிக்கு டாக்டரிடம் போனபோது, "என்ன வேலை பாக்குதீங்க?" என்று கேட்டார். "மலையில பெட்டி வைக்குதேன்" என்றேன். அவர் என் காலைப் பார்த்தார். மலையேறுகிற கால் மாதிரி அவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. கம்ப்யூட்டரில்தான் என்று சேர்த்துச் சொன்னேன். அவர் களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

விளக்கிச் சொல்ல எனக்கும் தெம்பில்லை. காட்டில் தீப் பிடித்தால் புகையை மோந்து சேதி அனுப்புகிற கருவி ஒன்று இருக்கிறது. சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும், மரத்தில் கட்டிவிடுவார்கள். அது அனுப்புகிற சேதியை மலை மேலே நிற்கிற ஒரு கோபுரம் வாங்கி, கீழே இருக்கிற வனத்துறை ஆட்களின் போனுக்குத் தள்ளிவிடும். எந்த மரத்தில் எந்தப் பெட்டி என்பதை முதலில் கம்ப்யூட்டரில் வைத்துப் பார்ப்பார்கள். வைத்துப் பார்க்கிற ஆள் நான்.

சாஃப்ட்வேரில் மலை முழுவதும் மேலிருந்து தெரியும். ஒரு பெட்டியை மவுஸால் இழுத்து ஓரிடத்தில் விட்டால், அதற்கு எட்டுகிற பரப்பெல்லாம் பச்சையாகும். எட்டாத இடம் சாம்பல் நிறத்தில் கிடக்கும். பெட்டியிலிருந்து கோபுரத்துக்கு ஒரு கோடு ஓடும். சேதி போய்ச் சேரும் என்றால் கோடு பச்சை, நடுவில் ஏதாவது மேடு மறைத்தால் சிவப்பு. ராயகிரிக்கு மேற்கே இருக்கிற மலைச்சரிவுக்கு மொத்தம் இருபத்துநான்கு பெட்டிகள் கொடுத்திருந்தார்கள். ஒன்றைக் கொஞ்சம் நகர்த்தினால் இந்தப் பக்கம் சாம்பல் மூடும், அந்தப் பக்கம் திறந்துகொள்ளும். குட்டைப் போர்வையை இழுத்து இழுத்துப் போர்த்துகிற மாதிரிதான் அந்த வேலை நடந்த மாதமெல்லாம் போனது.

எங்கள் ஆபீஸ் சங்கரன்கோவிலில், ராஜபாளையம் ரோட்டில், மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடையின் மாடியில் இருக்கிறது. மூன்று கம்ப்யூட்டர், அதில் ஒன்று ஓடாது. கீழே அவர்கள் காயிலுக்கு வார்னிஷ் அடித்தால் மேலே எனக்குத் தலை சுற்றும். முதலாளியை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். நில அளவையில் ஆரம்பித்து, பிறகு வரைபடம் போட்டுக் கொடுக்கிற வேலைக்கு வந்தவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு கண்ணாடியைத் தேடுவார். சென்னையில் ஒரு கம்பெனி இந்தப் பெட்டி வேலையை எடுத்திருந்தது, அவர்கள் எங்களிடம் கொடுத்திருந்தார்கள்.

அண்ணாச்சிக்கு அது இன்னொரு வேலை. எனக்கு அப்படி இல்லை. என் வீட்டுக்காரர் அந்த மலையில்தான் தீக்காவலராக இருக்கிறார்.

அவருக்குச் சொந்த ஊர் ராயகிரி. கல்யாணமாகி இங்கே வந்து விசைத்தறியில் இருந்தார். தறி நின்ற பிறகு, தெரிந்த ஒருவர் சொல்லித் தற்காலிகக் காவலராக மலைக்குப் போனார். மாசியிலிருந்து வைகாசி வரை மலையிலேயே ஒரு தகரக் கொட்டகையில் தங்கல், வாரம் ஒருநாள் வீடு. மற்ற மாதங்களில் கூப்பிட்டால் போக வேண்டும். காய்ந்த சருகை வாரித் தீத்தடுப்புப் பாதை போடுவது, புகை தெரிகிறதா என்று பார்ப்பது, தெரிந்தால் பச்சைக் கிளையை ஒடித்து அடித்து அணைப்பது, இதுதான் அவர்கள் வேலை.

பெட்டி வேலை வருவதற்கு முந்தின வருஷம் பங்குனியில் ஒரு பள்ளத்துக்குள் மாட்டிக்கொண்டார். இரண்டு மேட்டுக்கு நடுவில் ஓடை போகிற பள்ளம் அது. அங்கே ஆளுயரத்துக்குப் புல் வளரும். தீ கீழே பிடித்து மேலே ஏறி வந்திருக்கிறது, மேட்டில் இருந்த யாருக்கும் புகை தெரியவில்லை. இவருக்குச் சத்தம்தான் முதலில் கேட்டதாம். ஓடைக்குள் இரண்டு பாறைக்கு இடையில் குப்புறப் படுத்துக் கிடந்திருக்கிறார். போனுக்குச் சிக்னல் கிடையாது. தீ தாண்டிப் போன பிறகு மேட்டுப் பாறைக்கு ஏறி வந்து எனக்குப் போன் செய்தார். "உசுரோட இருக்கேம்ட்டி" என்றார். ஏதோ விளையாட்டு என்று நினைத்து, தோசைமாவு வாங்கி வரச் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்தபோது புருவம் இல்லை. இரண்டு மாதம் அடுப்படிப் பக்கமே வரவில்லை. அந்த வேலை வேண்டாம் என்று நான் அழுதேன், சண்டை போட்டேன், பேசாமல் இருந்து பார்த்தேன். அடுத்த மாசிக்குப் போய்விட்டார். கடைசியில் எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் வந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குள் அந்த மேட்டுப் பாறைக்கு வந்து, போனில் தான் இருக்கிற இடத்தை எனக்கு அனுப்ப வேண்டும். பேச வேண்டாம், பேசினால் சண்டைதான் வரும். இடத்தை மட்டும் அனுப்பினால் போதும். வரைபடத்தில் ஒரு சிவப்புக் குறி வந்து விழும். அதைப் பார்த்த பிறகுதான் நான் காப்பி குடிப்பேன்.

ஆகவே பெட்டி வேலை வந்த அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன். மாசி பிறப்பதற்குள் அந்தப் பள்ளத்துக்குள் ஒரு பெட்டி போக வேண்டும். வேறெதுவும் எனக்கு வேண்டாம். இதை யாரிடமும் சொல்லவில்லை.

எந்தெந்த இடத்தில் பெட்டி வைக்கலாம் என்பதைக் காவலர்களையே பார்த்துச் சொல்லச் சொல்லியிருந்தார்கள். கம்பெனி ஆள் ஒருவர் வந்து ஒவ்வொருவர் போனிலும் ஒரு ஆப் ஏற்றி, நல்ல மரமாகப் பார்த்து, அடியில் நின்று பொத்தானை அழுத்துங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். புரட்டாசியில் இருபத்துநான்கு இடமும் வந்து சேர்ந்தது. அதைப் போட்டுப் பார்த்தால் கோடெல்லாம் பச்சை. ஒன்றுகூடச் சிவப்பில்லை. சென்னையில் இந்த வேலையைப் பார்க்கிற பெண்ணுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள், அக்கா என்று கூப்பிடுவாள். "சூப்பர்க்கா, ஃபீல்டு ஆளுங்க செமயா எடுத்திருக்காங்க" என்றாள்.

பள்ளம் மட்டும் சாம்பலாகக் கிடந்தது. ஒரு பள்ளம் இல்லை, பள்ளமாக இருந்த இடமெல்லாம் அப்படித்தான். அங்கே யாரும் இடம் எடுக்கவில்லையே, போக வழி இருக்காது, விட்டுவிடலாம் என்றாள் அந்தப் பெண். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வழி இல்லாத இடத்திலா என் வீட்டுக்காரர் குப்புறக் கிடந்தார்?

காவலர்கள் கொடுத்த இடத்தை நாங்கள் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. ஒவ்வொரு பெட்டியைச் சுற்றியும் ஐம்பது மீட்டருக்கு ஒரு வட்டம் இருக்கும். அதற்குள் இழுக்கலாம், வட்டத்தைத் தாண்டினால் பெட்டி பழைய இடத்துக்கே ஓடிவிடும். பள்ளத்துக்குப் பக்கத்தில் இருந்தது ஏழாம் எண். அதை எந்தப் பக்கம் இழுத்தாலும் பள்ளம் எட்டவில்லை. ஒருநாள் முழுக்க அதையே இழுத்துக்கொண்டிருந்தேன். அதன் அடியில் மரம்கூட இல்லை, வெறும் பாறை. பாறையில் எதற்கு இடம் எடுத்தார்கள் என்று எரிச்சலோடு பெரிதாக்கிப் பார்த்தபோதுதான், எங்கேயோ பார்த்த வடிவமாக இருந்தது. போனை எடுத்து, அந்த வருஷம் பங்குனியில் அவர் அனுப்பிய சிவப்புக் குறியைத் திறந்து பக்கத்தில் வைத்தேன். ஏழாம் எண் பெட்டி, என் வீட்டுக்காரர் தினமும் எனக்குச் சேதி அனுப்புகிற பாறை மேலே நின்றது.

அன்றைக்கு அவர் வீட்டில்தான் இருந்தார். சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டேன்.

"பள்ளத்துல ஏன் ஒரு எடமும் எடுக்கல?"

"எடுத்தேம்லா. ஓடை ரெண்டாப் பிரியுத எடத்துல ஒரு மருத மரம். அதத்தான் பாத்து வச்சேன்."

"வந்தது பாறைல்லா?"

"ஆமா. மரத்தடியில நின்னு அமுக்குனா சுத்திக்கிட்டே கெடக்கு, போவ மாட்டேங்கு. போன்ல டிக்கு விழுந்தாத்தான் கணக்குன்னு அந்தக் கம்பெனித் தம்பி சொன்னாம்லா. அதான் மேல பாறைக்கு வந்து அமுக்குனேன். டிக்கு விழுந்திட்டு."

"உங்க கூட உள்ளவங்க?"

"எல்லாவனும் அப்படித்தான். சிக்னல் இருக்குத எடத்துக்கு வந்துதான அமுக்க முடியும்?"

இதில் என்ன கேள்வி என்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டு ரசம் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. இருபத்துநான்கும் அப்படித்தான். நல்ல மரத்தை நல்ல கண்ணோடு பார்த்து மனதில் வைத்துக்கொண்டு, மேடேறி வந்து, வீட்டுக்குப் போன் பேசுகிற இடத்தில் நின்று அழுத்தியிருக்கிறார்கள். எல்லா இடமும் ஊரைப் பார்த்த மேட்டு விளிம்பு, போன் சிக்னல் எட்டுகிற மாதிரியே கோபுரமும் மறைப்பில்லாமல் தெரிகிற இடம். கோடெல்லாம் பச்சையாக ஓடியதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? மலையில் எங்கே தீப் பிடிக்கும் என்பதை விட்டுவிட்டு, எங்கே நின்றால் பெண்டாட்டியோடு பேசலாம் என்பதைத்தான் நான் இத்தனை நாளும் அலங்காரம் செய்துகொண்டிருந்தேன்.

கம்பெனியிடம் சொல்லிவிடலாம் என்றதும் அவர் கையைக் கழுவிவிட்டு எழுந்தார். "ஏட்டி, வாய வச்சிக்கிட்டு சும்மா இரு. தற்காலிக ஆளுக நாங்க. மலைக்கே போவாம ஏமாத்திட்டானுவன்னு சொல்லுவாவ. அடுத்த மாசிக்கு வேற ஆளத் தேடிருவாவ" என்றார். அதுவும் சரியாகத்தான் இருந்தது. மறுநாள் அண்ணாச்சியிடம் பட்டும் படாமலும் சொல்லிப் பார்த்தேன். நெற்றியில் இருந்த கண்ணாடியை இறக்கி ஒரு தடவை திரையைப் பார்த்தார். "எம்மா, ஐம்பது மீட்டருக்குள்ள தள்ளச் சொன்னா தள்ளு. மலைய நாமளா செஞ்சோம்?" என்றார். அதோடு வெளியே போய்விட்டார்.

அந்தச் சாஃப்ட்வேரில் ஒரு ஓட்டை இருந்தது எனக்குத் தெரியும். கோப்பைப் புதிய பதிப்பாகச் சேமித்தால், பெட்டி இப்போது இருக்கிற இடத்தைச் சுற்றிப் புது வட்டம் போடும். பழைய இடம் அதற்கு மறந்துவிடும். சென்னைப் பெண்ணோ தினமும் புதுப் பதிப்பு கேட்கிறவள். "அக்கா, ஒரு சின்ன சேஞ்ச்" என்பாள். வரைபடத்தில் புளியங்குடி என்ற எழுத்தைப் பெரிதாக்க வேண்டும், எல்லைக் கோட்டைத் தடிமனாக்க வேண்டும், பச்சை கொஞ்சம் வெளிறிய பச்சையாக இருக்கட்டும். ஆறாவது பதிப்புக்கு 'முடிவு' என்று பெயர் வைத்தேன். ஒன்பதாவதுக்கு 'முடிவு புதியது'. அதற்குப் பிறகு பெயர் வைக்கிற நம்பிக்கை போய் எண் மட்டும் போட்டேன்.

ஒவ்வொரு சின்ன சேஞ்சுக்கும் நான் ஏழாம் எண்ணை ஐம்பது மீட்டர் கீழே இறக்கினேன். பாறையிலிருந்து புல்சரிவு, சரிவிலிருந்து ஒரு தட்டு, தட்டிலிருந்து ஓடைக்கரை. கார்த்திகை மழை ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் இறங்கிப் போகிற வழியில்தான் நானும் இறங்கினேன், ஆனால் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நாளுக்கு ஐம்பது மீட்டர். எட்டுப் பதிப்பில் மருத மரத்துக்கு வந்து சேர்ந்தேன். பள்ளம் முழுக்கப் பச்சையானது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

கோடு சிவப்பாகிவிட்டது என்பதை நான் கண்டுகொள்ளாமல் இருந்தேன். பெட்டி மோந்துவிடும், ஆனால் சேதி மேட்டைத் தாண்டாது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

மூன்றாம் நாள் சென்னைப் பெண் போன் செய்தாள். "அக்கா, ஏழு ஏன் சிவப்பா இருக்கு?"

ஏதோ உளறினேன்.

"இல்லக்கா, பழைய பதிப்பெல்லாம் தொறந்து பாத்தேன். எட்டுப் பதிப்பா அது கொஞ்சம் கொஞ்சமா கீழ எறங்குது. ஏன்க்கா?"

களவும் கையுமாகப் பிடிபட்ட பிறகு மறைக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் சொன்னேன். சிக்னல், டிக், பாறை, பங்குனி, புருவம் எல்லாம் வந்துவிட்டது. பேசப் பேச எனக்குக் கோபம்தான் ஏறியது. சின்ன சேஞ்ச் சின்ன சேஞ்ச் என்று எழுத்தின் அளவையே பார்த்துக்கொண்டிருந்தீர்களே, ஒருநாளாவது மலையைப் பார்த்தீர்களா என்று அவளையும் ஏசினேன். நான் நிறுத்தியதும், அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப மத்த இருபத்துமூணும் தப்பான எடத்துலதான இருக்கு? அத ஏன்க்கா நகத்தல?"

மற்ற இருபத்துமூன்றும் தப்பு என்று எனக்கு அவளுக்கு முன்பே தெரியும். அந்தப் பள்ளங்களிலும் ஆள் நடக்கிறார்கள், அவர்கள் வீட்டிலும் யாரோ சாயங்காலம் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நான் என் வீட்டுக்காரர் படுத்துக் கிடந்த இடத்துக்கு மட்டும் பெட்டியை இறக்கிவிட்டு, நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். அவள் குற்றம் சாட்டுகிற குரலில் கேட்கவில்லை, கணக்கு புரியாமல்தான் கேட்டாள். அதனால் இன்னும் வலித்தது.

"நான் மோசம்மா" என்றேன்.

அவள் நல்ல பெண். நான் பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. டிக் விழுந்தால்தான் கணக்கு என்று சொல்லிக் கொடுத்தது தங்கள் ஆள்தான், காவலர்கள் மேல் தப்பில்லை என்று வனத்துறைக்கு எழுதி அனுப்பினாள். ஐம்பது மீட்டர் வட்டத்தை எடுத்துவிட்டாள். ஆளை மறுபடி மலைக்கு அனுப்ப நேரமில்லை, அவர்களையே ஆபீசுக்குக் கூப்பிட்டுக் கேட்டு வையுங்கள் என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர் பஸ் ஏறி வந்தார்கள், என் வீட்டுக்காரரோடு ஆறு பேர். செருப்பை மாடிப்படியிலேயே கழற்றிவிட்டு வந்தார்கள். திரையில் மலையைக் காட்டினேன். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. "இது எந்த மலை?" என்றார் அவர்களில் மூத்தவர். இருபது வருஷமாக அதே மலையில் நடக்கிறவர், காது சரியாகக் கேட்காது. மேலிருந்து பார்த்தால் அவர்களுக்கு எப்படித் தெரியும்? சாஃப்ட்வேரில் பார்வையைச் சாய்த்து, கீழே, ஆள் நிற்கிற உயரத்துக்குக் கொண்டுவந்தேன். மேடுகள் எழுந்து நின்றன. அவ்வளவுதான், ஆறு பேரும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்கள். "நில்லு, நில்லு. அங்கன எடப்பக்கம் திரும்பு. இன்னும் கொஞ்சம் எறங்கும்மா. அந்தா, அங்கனதான்." திரை முழுக்க அவர்கள் விரல் ரேகை. அண்ணாச்சி எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் பின்னால் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் செய்கிற வேலையை அவர் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

அன்று சாயங்காலத்துக்குள் இருபத்துநான்கு பெட்டியும் அதனதன் மரத்துக்குப் போனது. சாம்பலாகக் கிடந்தது பெரும்பாலும் பச்சையானது. கோடுகளில் பாதி சிவப்பு.

அதற்குப் பிறகு மார்கழி முழுக்க அந்தச் சிவப்போடுதான் என் பிழைப்பு. ஒரு பெட்டியைப் பத்து மீட்டர் சரிவில் மேலே ஏற்றினால் கோடு பச்சையாகும், ஆனால் அங்கே அடர்ந்த மர நிழல், வெயில் விழாது; சூரிய ஒளியில் ஓடுகிற பெட்டி அது, வெயில் விழாவிட்டால் ஓடாது. இன்னொன்றை உயரமான கிளையில் கட்டுவதாக மாற்றினால் புகையை மோந்து பார்க்கப் பிந்தும். ஒவ்வொன்றாகப் பார்த்து, பதினெட்டைப் பச்சையாக்கினேன். ஆறு என்ன செய்தும் சிவப்பு. அந்த ஆறில் ஐந்து தெற்குப் பள்ளங்களில் இருந்தன. ஆறாவது ஏழாம் எண்.

சேதியை வாங்கிக் கடத்திவிடுகிற கம்பம் ஒன்று தருகிறோம், ஒன்றுதான் முடியும் என்று கம்பெனி சொன்னது. அதைத் தெற்கு மேட்டில் நட்டால் ஐந்து பச்சையாகும். மேட்டுப் பாறையில் நட்டால் ஏழாம் எண் ஒன்று மட்டும். அவள் போனில் இருந்தாள். எங்கே நடலாம் என்று அவள் கேட்கவில்லை. நானாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தாள் என்று நினைக்கிறேன்.

"தெக்கு" என்றேன்.

"சரிக்கா" என்றாள். பிறகு, "சாரிக்கா" என்றாள்.

சேதி போகாத பெட்டியைப் பள்ளத்தில் விட்டு என்ன பிரயோசனம்? ஏழாம் எண்ணை மறுபடி பாறைக்கே கொண்டுபோனேன். அங்கிருந்தால் கோடாவது பச்சை. பள்ளத்தில் தீ பிடித்து, மேலேறி, பாறைக்கு வந்த பிறகு அது சொல்லும். எட்டுப் பதிப்பில் இறக்கியதை ஒரே இழுப்பில் ஏற்றிவிட்டேன். வட்டம்தான் இல்லையே, தடுக்கவும் எதுவும் இல்லை.

அன்றைக்கு வீட்டில் அவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"தெக்க அஞ்சும் பச்சையா?" என்று கேட்டார்.

"பச்ச."

"அங்கனதான் காது கேக்காதவரு சுத்துதாரு. அவருக்குத் தீச் சத்தமும் கேக்காதுல்லா" என்றார். பிறகு, "விடு, எனக்குத்தான் அந்தப் பள்ளம் பழக்கமாச்சே" என்றார். அந்தச் சமாதானம் எனக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கும் பிடிக்கவில்லை.

தையில் பெட்டிகளைக் கட்டினார்கள். மாசியில் அவர் மலைக்குப் போனார். பாறையில் மரம் இல்லாததால் ஒரு இரும்புக் குழாயை நட்டு, அதில் ஏழாம் எண் பெட்டியைக் கட்டியிருக்கிறார்களாம். "துணைக்கு உன் பெட்டி இருக்கு. உன்ன மாதிரி ஏசாது" என்று ஒருநாள் கேலி செய்தார். பங்குனியில் தெற்குப் பக்கம் ஒரு பெட்டி புகையைச் சொல்லி, புல் பிடித்த உடனேயே அடித்து அணைத்துவிட்டார்கள். அண்ணாச்சி இனிப்பு வாங்கி வந்தார். நானும் தின்றேன்.

போன வாரம் ஒருநாள் ஐந்து மணிக்குச் சிவப்புக் குறி வரவில்லை. வெயில் அன்றைக்கு மண்டையைப் பிளந்தது. ஐந்தேகாலுக்கும் வரவில்லை. போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. ஜன்னல் வழியாக மேற்கே பார்த்தேன். மலை இருக்கிற இடத்தில் வெறும் மங்கல், அது புகையா வெக்கையா என்று இங்கிருந்து எப்படித் தெரியும்? இன்னொரு வேலைக்கான வரைபடம் திரையில் திறந்து கிடந்தது. அதை மூடினேன். பழைய மலையைத் திறந்தேன். தெற்கு மேட்டில் இருந்த கம்பத்தை மவுஸால் பிடித்து இழுத்து, மேட்டுப் பாறையில் கொண்டுபோய் நட்டேன். ஏழாம் எண்ணைப் பள்ளத்தில் மருத மரத்துக்கு இறக்கினேன். கோடு பச்சை. பள்ளம் பச்சை. தெற்கே ஐந்து கோடும் ஒன்றன்பின் ஒன்றாகச் சிவப்பானதைப் பார்த்தேன். சிவக்கட்டும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

ஐந்து நாற்பதுக்குப் போனில் குறி விழுந்தது. பாறை. அதன் கீழே, வழக்கமில்லாமல், குரலில் ஒரு சேதியும் அனுப்பியிருந்தார். "மரத்தடியில அசந்து தூங்கிட்டேம்ட்டி. ஏசாத."

நான் ஏசவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, கோப்பை மூடப்போனேன். மாற்றங்களைச் சேமிக்கவா என்று கேட்டது. வேண்டாம் என்பதை அழுத்திவிட்டு, காப்பி குடிக்கப் போனேன்.